மந்திரப் பொருட்கள் கிடைத்தும் மேசையில் சலனமே இல்லை: எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: இருபதுமுகம்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆட்டக்காரர்கள் கொண்ட ஒரு குழுவுக்கு டன்ஜன் மாஸ்டராக (கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக) இருந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்தி வருகிறேன். 2014ஆம் ஆண்டின் விதிநூல்களையே பின்பற்றுகிறோம். 2024இல் வந்த மாற்றங்களில் எங்களுக்கு ஒத்துவந்த சிலவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கதாபாத்திரங்கள் இப்போது ஆறாம் லெவலில் (இருபது வரை உயரும் வளர்ச்சிப் படி) இருக்கின்றன.

சென்ற ஆட்டத்தில் ஒரு பழைய கல்லறைக்கு அடியிலிருந்த புதையல் அவர்கள் கைக்கு வந்தது. விதிநூலின் அட்டவணைப்படி பகடை உருட்டியதில் ஒரு +1 நீள்வாள், ஒரு பாதுகாப்பு மோதிரம், ஒரு வற்றாத நீர்க்குடுவை ஆகியவை கிடைத்தன. வாள் போர்வீரருக்குப் போனது. அவர் அதைத் தம் கேரக்டர் ஷீட்டில் குறித்துக்கொண்டு, தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்றைக் கூட்டினார். அத்துடன் அந்த வாளைப் பற்றிய பேச்சு முடிந்துபோயிற்று. அது யாருடைய வாள், ஏன் அந்தக் கல்லறையில் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மோதிரத்துக்கும் அதே கதிதான். ஆனால் நீர்க்குடுவை கைக்கு வந்ததும் நால்வரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பீறிட்டு வரும் நீரைக் கொண்டு ஒருவனைத் தள்ளிவிடலாமா, பள்ளத்தை நிரப்பி நீந்தி மேலே ஏறலாமா என்று அன்றைய மாலையின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருப்பதால் இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை. மந்திரப் பொருள் என்பது இவ்வகை விளையாட்டுகளின் உயிர்நாடிகளில் ஒன்று என்று நான் நம்புகிறேன்; அது வெறும் கூட்டல் கணக்காகிப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஒரு குழுவுக்கு இவற்றை எவ்வளவு கொடுப்பது முறை? +1 வகைப் பொருட்களை அறவே விட்டுவிடலாமா? நகரத்தில் மந்திரப் பொருட்களை விற்கும் கடை இருக்க வேண்டும் என்று ஓர் ஆட்டக்காரர் கேட்கிறார், அனுமதிக்கலாமா? பல பதிப்புகளை விளையாடியவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கற்கதவு

நீர்க்குடுவை பேச்சைக் கிளப்பியதற்கும் வாள் கிளப்பாததற்கும் காரணம் ஒன்றே. வாள், அந்தப் போர்வீரர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தைச் சற்று மேம்படுத்துகிறது; குடுவை, அதுவரை யாராலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்யக் கொடுக்கிறது. மேம்பாட்டைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, கூட்டிக்கொண்டால் போதும். புதிய காரியத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் அசையாக் கோல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும் இரும்புத் தடி அது. 8,000 பவுண்டு எடை வரை தாங்கும், அதற்கு மேல் போனால் செயலிழந்து விழும். நிலவறையின் குறுகிய வழி ஒன்றில், அவர்களுக்குப் பின்னால் ஒரு கற்பலகை மேலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. கோலை வைத்திருந்தவர் உடனே பலகையின் அளவைக் கேட்டார். நீளம் 8 அடி, அகலம் 5 அடி, தடிமன் 1 அடி என்றேன். 40 கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 170 பவுண்டு. ஆக 6,800 பவுண்டு, கோல் தாங்கும் என்று தாளில் கணக்குப் போட்டுவிட்டு, கோலை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தினார். பலகை அதன்மேல் வந்து உட்கார்ந்தது, வழி திறந்தே இருந்தது. சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. கோலை எடுக்க வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பலகை கையின் மேல் விழும். மந்திரக் கையை அனுப்பி அழுத்தலாம் என்றார் மந்திரவாதியாக ஆடியவர்; அந்த மந்திரத்தால் மந்திரப் பொருட்களை இயக்க முடியாது என்பது விதி. கோலை அங்கேயே விட்டுவிட்டு முன்னே போவதா, அல்லது திரும்பும் வழியை இழந்தாலும் கோலைக் காப்பாற்றிக்கொள்வதா என்று நால்வரும் வாதிட்டுத் தீர்த்த அந்த நேரம், எந்தப் பெரும் சண்டையையும்விட எங்கள் நினைவில் நிற்கிறது. விதிநூலின்படி அது அரிதுத்தன்மையில் கீழ்ப்படியிலுள்ள 'அன்காமன்' வகையைச் சேர்ந்த எளிய பொருள் என்பதையும், அது ஒரு கதாபாத்திரத்தின் எந்த எண்ணையும் கூட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே என் கருத்து: எண்ணைக் கூட்டும் பொருட்களை வெகுவாகக் குறைத்துவிடுங்கள். ஐந்தாம் பதிப்பின் கணக்கு அவற்றை எதிர்பார்க்கவே இல்லை. மந்திரப் பொருட்களே இல்லாமல் கதாபாத்திரங்களும் அரக்கர்களும் மோதும்படியாகத்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அப்படியன்று. அங்கே எந்த லெவலில் ஒருவரிடம் எவ்வளவு மதிப்புள்ள பொருட்கள் இருக்க வேண்டும் என்று அட்டவணையே உண்டு; 3.5 திருத்தத்தில் பத்தாம் லெவலுக்கு 49,000 பொற்காசுகள். ஆயுதம், கவசம், பாதுகாப்பு மோதிரம், தாங்குதிறன் மேலங்கி, தோலைக் கடினமாக்கும் தாயத்து, உடல்வலிமையையோ அறிவையோ கூட்டும் ஏதேனும் ஒன்று என ஏறக்குறைய எல்லாரும் ஒரே ஆறு பொருட்களை அணிந்து திரிந்தார்கள், ஏனென்றால் அவை இல்லாதவர் பின்தங்கிவிடுவார். அந்தக் கட்டாயம் இப்போது இல்லை என்பது ஐந்தாம் பதிப்பு நமக்குத் தந்திருக்கும் பெரும் சுதந்திரம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி: எண்கணக்கு

கற்கதவு அவர்கள் சொன்ன அசையாக் கோல் நிகழ்ச்சியை ரசித்துப் படித்தேன். ஆனால் +1 வாளை அவர் தள்ளிவிட்ட விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறாம் லெவல் போர்வீரருக்குத் தாக்குதலில் +7 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது பகடையில் விழும் எண்ணோடு அந்த +7ஐக் கூட்டி எட்ட வேண்டிய எண், 15. பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 65 விழுக்காடு. +1 வாள் இருந்தால் 70 விழுக்காடு. இருபது வீச்சுகளில் ஒன்றுதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் சேதமும் சேர்ந்தே கூடுகிறது: சராசரி 8.5 என்பது 9.5 ஆகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு வீச்சுக்குச் சராசரியாக 5.5 சேதம் செய்தவர் இப்போது 6.65 செய்கிறார், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதற்கும் மேலாக, 2014 விதிநூல்களில் ஏராளமான அரக்கர்கள் சாதாரண ஆயுதங்களின் சேதத்தில் பாதியைத் தள்ளிவிடுபவர்கள். ஓநாய்மனிதன் போன்றவர்களை வெள்ளிப்பூச்சும் மந்திரமும் இல்லாத வாள் ஒன்றுமே செய்யாது. 2025இல் வந்த புதிய அரக்கர் நூலில் இந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் உங்கள் குழு பழைய நூலில் விளையாடுவதால் அந்த வாள் பல சண்டைகளில் உங்கள் போர்வீரரின் சேதத்தை இரட்டிப்பாக்கும்.

ஆக, குறை எண்ணின் சிறுமையில் இல்லை. அந்த எண் வேலை செய்யும் தருணம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்பதில்தான் இருக்கிறது. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி மிக எளியது. போர்வீரரின் மொத்த எண் எதிரியின் ஆர்மர் கிளாஸுக்குச் சரியாகச் சமமாக வந்து நின்றால், அந்த அடி வாளால்தான் பட்டது என்று அர்த்தம். அது இல்லையென்றால் ஒன்று குறைந்திருக்கும். அந்தத் தருணத்தில் மட்டும், கேடயத்தின் விளிம்பில் பட்டு வழுக்கியிருக்க வேண்டிய வாள்முனை தானே திரும்பி உள்ளே இறங்கியது என்று டன்ஜன் மாஸ்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அரக்கன் ஒரே ஒரு சேதப்புள்ளி வித்தியாசத்தில் விழுந்தாலும் அப்படியே. இதைத் தொடர்ந்து செய்துவந்தால், ஆட்டக்காரரே அந்த எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

மறுமொழி: பழம்பதிப்பு

கடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் இங்கே மிக முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன்.

தயவுசெய்து கடை வைக்காதீர்கள். ஒரு பொருளுக்கு விலைச்சீட்டு தொங்கத் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் அதைத் தங்கள் பணத்துக்கு எது லாபம் என்ற கண்ணோடுதான் பார்ப்பார்கள், அது அவர்கள் தவறும் அன்று. 3.5 பதிப்பில் சிறு காயங்களை ஆற்றும் மந்திரக்கோலின் விலை 750 பொற்காசுகள். அதில் 50 முறை பயன்படுத்தும் ஆற்றல் இருக்கும். ஒவ்வொரு முறையும் சராசரியாக 5.5 புள்ளிகள் குணமாகும். மொத்தம் 275 புள்ளிகள். இவ்வளவு மலிவாக வேறெதுவும் குணமாக்காது என்பதைக் கணக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களும் கண்டுபிடித்துவிட்டன. விளைவு, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அந்தக் கோலை எடுத்து, எல்லாரும் முழு உடல்நலம் அடையும் வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள். காயம்பட்ட நிலையில் அடுத்த கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்ற அச்சம் விளையாட்டிலிருந்தே மறைந்துபோனது.

பழைய பதிப்புகளில் ஒரு பொருள் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதே ஒரு சாகசமாக இருந்தது. குப்பியில் இருப்பது என்ன மருந்து என்று அறிய யாராவது ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். 1970களின் இறுதியில் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பொருளை இனங்காணும் மந்திரத்தைச் சொன்ன மந்திரவாதி 100 பொற்காசு மதிப்புள்ள முத்தை இழப்பதோடு, தன் உடலுறுதியில் 8 புள்ளிகளையும் தற்காலிகமாக இழந்து, ஒரு புள்ளிக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஓய்வெடுத்து மீள வேண்டும். நிலவறையின் நடுவில் யாரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரக் குட்டி ஓய்வு எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுகிறது. உங்கள் போர்வீரர் வாளைப் பற்றி ஒன்றும் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிட்டு, பொருளின் இயல்பைப் பயன்படுத்தித்தான் அறிய வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். விதிநூலிலேயே அப்படி ஒரு மாற்று வழி சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரே முறை பயன்படும் பொருட்களைத் தாராளமாகக் கொடுங்கள் என்பதும் என் வேண்டுகோள். மருந்துக் குப்பிகள், மந்திரச் சுருள்கள் ஆகியவை எவ்வளவு வலியவையாக இருந்தாலும் உங்கள் ஆட்டத்தை நிரந்தரமாகக் குலைக்காது.

மறுமொழி: கூரைவழி

எண்ணிக்கையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 2017இல் வந்த துணை விதிநூலில் இதற்கு நேரடியான கணக்கு இருக்கிறது. முதல் லெவலிலிருந்து இருபதாம் லெவல் வரை ஒரு முழுக் குழுவுக்குச் சராசரியாக 100 மந்திரப் பொருட்கள். அவற்றில் 80 சிறியவை, பெரும்பாலும் குப்பிகளும் சுருள்களும். மீதி 20 மட்டுமே பெரியவை. நான்காம் லெவல் முடியும்போது குழுவிடம் பெரிய பொருட்கள் இரண்டுதான் இருக்கும். பத்தாம் லெவல் முடியும்போது எட்டு. நால்வருக்கு எட்டு என்றால் ஆளுக்கு இரண்டு. பலர் நினைப்பதைவிடப் பெரியவை குறைவு, சிறியவை மிக அதிகம். 'பழம்பதிப்பு' அவர்கள் கடைசியாகச் சொன்னதும் இந்தக் கணக்கும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஆனால் விதிநூல் ஒவ்வொரு பொருளுக்கும் இட்டிருக்கும் அரிதுத்தன்மையை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் குழுவுக்குக் கிடைத்த பாதுகாப்பு மோதிரம் 'ரேர்' (அரிய) வகை. அதே அளவு பாதுகாப்பைத் தரும் மேலங்கி 'அன்காமன்' வகை. இரண்டும் செய்வது ஒரே வேலை. பறப்பதைப் பாருங்கள்: பறக்கும் துடைப்பம் 'அன்காமன்', அதற்கு அட்யூன்மெண்ட் (பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளுதல்) கூடத் தேவையில்லை, வாழ்நாள் முழுவதும் பறக்கலாம். ஒரே ஒரு மணி நேரம் மட்டும் பறக்க உதவும் மருந்துக் குப்பியோ 'வெரி ரேர்' (மிக அரியது). 2014 விதிநூலின் விலைப்படி 'அன்காமன்' பொருள் 101 முதல் 500 பொற்காசுகள் வரை. 'வெரி ரேர்' என்றால் 5,001இல் தொடங்குகிறது, குப்பி என்பதற்காகப் பாதியாகக் குறைத்தாலும் துடைப்பத்தைப் போல ஐந்து மடங்கு ஆகும். கடை வைத்தால் உங்கள் ஆட்டக்காரர் முதலில் கேட்கப்போவது அந்தத் துடைப்பத்தைத்தான். அதன் பிறகு நீங்கள் யோசித்து வைக்கும் மதில்களும் அகழிகளும் பயனற்றுப் போகும்.

எனினும் கடையை அறவே மறுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாம் பதிப்பில் ஐந்தாறு லெவலுக்குப் பிறகு பொற்காசுகள் குவிந்துவிடும், அவற்றைச் செலவழிக்க வழியே இருக்காது. உங்கள் ஆட்டக்காரர் கடை கேட்பதற்கு அந்த நியாயம் இருக்கிறது. அவருக்குக் கடைக்குப் பதிலாகச் செய்முறையைக் கொடுங்கள். 2024 விதிநூலில் ஓர் 'அன்காமன்' பொருளைச் செய்ய 10 நாட்களும் 200 பொற்காசுகளும் போதும் என்று இருக்கிறது. அதோடு, தேவையான மூலப்பொருள் ஒன்று எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானித்துவிட்டால், அவர் பணமும் செலவாகும், உங்களுக்கு அடுத்த சாகசமும் கிடைக்கும்.

மூன்று பொருட்களுக்கு மேல் அட்யூன் செய்ய முடியாது என்ற விதியை மட்டும் ஒருபோதும் தளர்த்தாதீர்கள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தோழருக்குக் கொடுப்பது என்ற பேச்சு அந்த எல்லையால்தான் பிறக்கிறது.

மறுமொழி: இருபதுமுகம்

நீங்கள் அனைவரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. 'எண்கணக்கு' சொன்ன வழியை வரும் ஆட்டத்திலேயே செய்து பார்க்கப் போகிறேன். கடைக்குப் பதில் செய்முறை என்பது எனக்குத் தோன்றாத ஒன்று. கேட்ட ஆட்டக்காரர் கைவினைஞர் பின்னணி கொண்ட பாத்திரத்தை ஆடுபவர் என்பதால் அவருக்கும் அது பிடிக்கும்.

ஆனால் இனங்காணும் விதியை எடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. குழுவில் ஒருவர் புதியவர். தெரியாத குப்பியை அருந்தித் தம் பாத்திரம் இறந்தால் அவர் மனம் உடைந்து போவார். மேலும், அந்த வாள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, அது +1 என்பதும் தெரிந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. இந்த நிலையில் அந்த வாளை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

மறுமொழி: நெடுங்கதை

நிச்சயமாக முடியும். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த முன்மாதிரி வேறொரு விளையாட்டில் இருக்கிறது. 1993இல் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட எர்த்டான் விளையாட்டில், பெரிய மந்திரப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் படிப்படியான ஆற்றல்கள் உண்டு. கையில் எடுத்த மாத்திரத்தில் அவை கிடைப்பதில்லை. கதாபாத்திரம் அந்தப் பொருளோடு தன்னை ஓர் இழையால் பிணைத்துக்கொள்ள வேண்டும். பல படிகளில் இழையை வலுப்படுத்துவதற்கு முன் பொருளைப் பற்றிய ஓர் உண்மையைக் கண்டறிந்தாக வேண்டும். அதன் பெயர் என்ன, அதைச் செய்தவர் யார், அது எந்தப் போரில் யார் கையில் இருந்தது என்பவை அங்கே வெறும் அலங்காரம் அல்ல. அவற்றை அறிந்தால்தான் பொருள் அடுத்த படிக்குப் போகும். பதினைந்தாவது பக்கத்தில் எழுதிவைத்த வரலாற்றை யாரும் படிக்கவில்லையே என்று வருந்தும் நிலை அந்த விளையாட்டை நடத்துபவருக்கு வருவதில்லை.

உங்கள் வாளுக்கு இதை அப்படியே பொருத்தலாம். அது +1 என்பது அவர்களுக்குத் தெரியும், அது உண்மையும்கூட. அதில் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த முறை வாளைத் துடைக்கும்போது, பிடியைச் சுற்றிய தோல்வார் அவிழ்ந்து, அதனடியில் இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பது தெரியட்டும். ஒன்று அந்தக் கல்லறையில் புதைக்கப்பட்டவரின் பெயர். மற்றொன்று வேண்டுமென்றே அரத்தால் ராவி அழிக்கப்பட்டிருக்கிறது. முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. இவ்வளவு போதும். அந்தப் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளும் நாளில் வாளுக்கு ஒரு புதிய ஆற்றல் வரும் என்பதை ஆட்டக்காரரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால் அவர் அதைத் தேடாமலே போகக்கூடும்.

அந்த ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும்போது கற்கதவு சொன்னதை நினைவில் வையுங்கள். வாளை +2 ஆக்கினால் ஷீட்டில் ஓர் எண் மாறும், பேச்சு மறுபடியும் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, அந்தப் பெயருக்குரியவரின் வழிவந்தவர்கள் அருகில் இருந்தால் பிடி சூடாகும் என்று வைக்கலாம். நாளுக்கு ஒரு முறை உறையிலிருந்து உருவாமலே அருகிலுள்ள எல்லா விளக்குகளையும் அணைக்கும் என்று வைக்கலாம். இரண்டாவதை நான் என் ஆட்டத்தில் ஒரு குத்துவாளுக்குக் கொடுத்திருக்கிறேன். சண்டையில் அதைப் பயன்படுத்தியதைவிட, விருந்து மண்டபங்களிலிருந்து நழுவுவதற்கே அதிகம் பயன்படுத்தினார்கள்.

புதியவரைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. இனங்காணும் விதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஓய்வில் ஒரு பொருளின் இப்போதைய ஆற்றல் முழுவதும் தெரியட்டும். அது யாருடையதாக இருந்தது என்பதை மட்டும் எந்த ஓய்வும் எந்த மந்திரமும் சொல்லக் கூடாது. மோதிரத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லாப் பொருளுக்கும் வரலாறு வைத்தால் எதைத் துரத்துவது என்று தெரியாமல் குழு திகைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பொருள் என்பது எங்கள் மேசையில் சரியாக வந்திருக்கிறது.